டிக்கி மூடி

ஆரணி,
7.7.2024

சுபா கண்ணுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, அம்மா, தறிகள் எல்லாரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி, அங்கே சோறு வாயில் வைக்கும்படி இருக்கிறதா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னார்கள் அண்ணி. கேட்டுவிட்டேன்.

கைப்பேசி கூடாது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடப் பேச்சு, மற்றபடி கடிதம்தான், அதையும் வார்டன் அம்மா படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று உங்கள் பயிற்சி விடுதியின் சட்டதிட்டங்களை அண்ணன் உரக்கப் படித்துக் காட்டினார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கையெழுத்தைத் தவிர நான் வேறெதுவும் எழுதியதில்லை. வார்டன் அம்மாவுக்கு என் வணக்கம். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

மருத்துவ நுழைவுத் தேர்வு உனக்கு இது மூன்றாம் முறை. இந்தத் தடவை சீட்டு கிடைத்தே தீரும் என்று அண்ணன் முன்னறைத் தறியைப் பிரித்து, குழியை மூடி, வெள்ளை டைல்ஸ் போட்டுவிட்டார். டாக்டர் அம்மாவின் கிளினிக்காம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இனி என் சமாசாரம். நம் சிவப்பு வண்டிக்கு டிக்கி மேல் வைக்கிற இறக்கை, ஸ்பாய்லர் என்கிறார்களே அது, ஆன்லைனில் வந்து சேர்ந்தது. தறி போக மீதி நேரத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி ஓட்டுகிறவன் நான். ஆவணி பிறந்தால் முகூர்த்தம். மாப்பிள்ளைகள் எல்லாம் "பந்தய வண்டி மாதிரி இருக்குமா" என்றுதான் கேட்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் செடான் என்று சொல்லிக்கொண்டு மொட்டையாக நின்றால் யார் மதிப்பார்கள்? ஆனால் பெட்டிக்குள் இறக்கை இருக்கிறது, போல்ட் இருக்கிறது, எப்படிப் பூட்டுவது என்று ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அண்ணன் வந்து பார்த்தார். "இன்னாடா இது, காருக்குக் கொம்பு மொளச்சிகினு வருது?" என்றார். அதோடு சரி.

பிரேக் பேட் மாற்றியபோது நீ மேஸ்திரி, நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஆள். இதற்கும் நீயே மேஸ்திரி. விவரமாக எழுது. அமாவாசை அன்றுதான் தறிக்கு லீவு, எனக்கும் கை சும்மா இருக்கும். ஆடி அமாவாசையோடு வேலையை முடிக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சித்தப்பா,
ஜெயக்குமார்


விடுதி,
22.7.2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அங்கே எல்லாரும் நலம் என்பதில் மகிழ்ச்சி.

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு வகுப்பு முழுக்க எனக்குக் காதில் ஏறவில்லை. (வார்டன் அம்மா, அடுத்த வகுப்பு ஏறியது.)

சித்தப்பா, முதலில் டிரில்லைத் தொடாதீர்கள். இறக்கைக்குக் கால் எத்தனை, ஒவ்வொரு காலிலும் போல்ட் எங்கே எங்கே வருகிறது என்று படம் வரைந்து அனுப்புங்கள். இறக்கையின் எடையும் வேண்டும். நிறுத்துப் பார்த்து எழுதுங்கள்.

அதற்குள் செய்யக்கூடியது இவ்வளவுதான். டிக்கி மூடியைத் துடைத்து, பெயிண்டர்கள் ஒட்டுவார்களே அந்தக் காகித டேப்பை அகலமாக ஒட்டுங்கள். நடுக்கோடு கண்டுபிடிக்க ஸ்கேல் வைக்காதீர்கள், மூடி வளைந்திருப்பதால் தப்பாகக் காட்டும். ஒரு பட்டு நூலை இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரைக்கும் படிய வைத்து, அதே நூலை இரண்டாக மடித்தால் நடு வந்துவிடும். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரில் பிட் ஒன்று சின்னது, ஒன்று பெரியது வாங்கி வையுங்கள். துரு பிடிக்காமல் இருக்கத் துளையின் விளிம்பில் தடவ பிரைமர், காலுக்கு அடியில் வைக்க ரப்பர், உள்பக்கம் போட அகலமான வாஷர், தண்ணீர் இறங்காமல் இருக்க சிலிக்கான்.

எந்தப் பக்கத்திலிருந்து துளைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு அதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

முன்னறை டைல்ஸ் அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுபலட்சுமி


ஆரணி,
5.8.2024

மேஸ்திரி அம்மாவுக்கு,

சித்தப்பா வணக்கம். எல்லாரும் சுகம், உன் வண்டியைத் தவிர.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நீ எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நேற்று ஆடி அமாவாசை. தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. படையல் முடிந்தது, வடை தின்றாயிற்று, கை துறுதுறு என்றது. சேலையில் அன்னப்பட்சி போடு என்றால் போடுவேன், கடிதத்தில் காலும் போல்ட்டும் வரை என்றால் எனக்கு எங்கே வரும்? எவ்வளவு பெரிய வேலை, நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

நடுக்கோடு நீ சொன்ன மாதிரியே நூல் மடித்துப் போட்டேன். அதில் குறை சொல்ல முடியாது. பிறகு மூடியைக் கழற்றி, வெளிச்சமான இடமாயிற்றே என்று முன்னறைக்குத் தூக்கிப் போனேன். ஜமக்காளம் விரித்து, பெயிண்ட் கீறக் கூடாது என்று முகத்தைக் கீழே கவிழ்த்து வைத்தேன். உள்பக்கத்திலிருந்து துளைத்தேன்.

சிரிக்காதே. நம் தொழிலில் எதை முகம் பார்த்துச் செய்கிறோம்? தறியில் சேலையின் முகம் கீழே இருக்கிறது, முதுகைப் பார்த்துத்தான் நெய்கிறோம். முகம் எப்படி வந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது.

திருப்பிப் பார்த்தால், துளையைச் சுற்றிப் பெயிண்ட் அவல் அவலாகப் பெயர்ந்து கிடக்கிறது. இறக்கையை வைத்துப் பார்த்தேன். ஒரு கால் பொருந்துகிறது, இன்னொரு கால் விரல் அகலம் தள்ளி நிற்கிறது. தலைப்பாகை கோணிய மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். "ஆஸ்பத்திரி ரூம்ல டிக்கியப் போட்டு ஆப்பரேஷன் பண்ணிகினு இருக்கியா? ஜல்தியா எடுத்துகினு போடா வெளிய!" அண்ணி மட்டும் வராமல் இருந்திருந்தால் டிரில் என் மண்டையில் இறங்கியிருக்கும்.

என்ன செய்யலாம், சொல். ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது. நீ சாப்பிடுகிறாயா என்று போன கடிதத்தில் அண்ணி கேட்டதற்குப் பதில் வரவில்லையாம். அதையும் எழுது.

அன்பு,
சித்தப்பா


விடுதி,
16.8.2024

அன்புள்ள சித்தப்பா,

வணக்கம். நலம்.

தலையில் அடித்துக்கொண்டேன். டிரில்லைத் தொடாதீர்கள் என்று எழுதினேனா இல்லையா?

டிக்கி மூடி ஒற்றைத் தகடு இல்லை, இரண்டு. உள் தகடு ஒரு மாதிரி இருக்கும், வெளித் தகடு வேறு மாதிரி சரிந்திருக்கும். உள்ளே சரியாகக் குறித்தாலும் வெளியே இடம் மாறித்தான் வரும். முகம் கீழே கவிழ்ந்திருந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று துளைக்கிறவருக்குத் தெரியாது. பெயிண்டைத் தள்ளிக்கொண்டு பிட் வெளியே வந்த பிறகுதான் தெரியும். சேலைக்காவது கண்ணாடி பிடிக்கிறீர்கள். இதற்கு அதுகூடப் பிடிக்கவில்லை.

சரி, விடுங்கள். சரிசெய்யலாம். மூடியைத் திரும்ப வண்டியிலேயே மாட்டுங்கள். நம்பர் பிளேட் விளக்கின் ஒயரை மறக்க வேண்டாம். சரியாக வந்த துளைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தக் காலை மட்டும் முதலில் லேசாகப் பூட்டுங்கள். இறக்கை நேராக நிற்கும்படி இன்னொரு காலை வைத்துப் பிடித்து, மேலே இருந்து குறியுங்கள். மேலே இருந்தே சின்ன பிட், பிறகு பெரிய பிட். அழுத்தாதீர்கள், அதன் கனமே போதும். தப்பாக வந்த துளைகளை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் வைத்து, ரப்பர் மூடி போட்டு அடையுங்கள். பாதி காலுக்கு அடியில் மறைந்துவிடும். மீதி தெரிந்தால் தெரியட்டும், நீங்கள் செய்ததுதானே.

முன்னறையில் விழுந்த இரும்புத்தூளைக் காந்தத்தால் ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். ஈரம் பட்டால் டைல்ஸில் துருக்கறை ஏறும், போகாது. அப்பா அவ்வளவு ஆசையாகப் போட்டது.

எடையை நீங்கள் எழுதவே இல்லை.

அன்புடன்,
சுபலட்சுமி


ஆரணி,
9.9.2024

சுபா கண்ணுக்கு,

சித்தப்பாவின் ஆசிகள். வார்டன் அம்மாவுக்கு வழக்கமான வணக்கம்.

இறக்கை ஏறிவிட்டது! ஆவணி அமாவாசையில் உட்கார்ந்து, நீ சொன்னபடி மேலே இருந்தே துளைத்து, ரப்பர் வைத்து, சிலிக்கான் அப்பி, நேராக நிறுத்திவிட்டேன். தெருக்கோடியில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். ஊசி நுனிகூடக் கோணல் இல்லை. அடைத்த துளை ஒன்று மட்டும் கால் ஓரத்தில் திருஷ்டிப்பொட்டு மாதிரி தெரிகிறது.

முதல் சவாரி சேத்துப்பட்டில் ஒரு கல்யாணம். பூ அலங்காரம் பண்ணுகிற தருமன் இறக்கையைப் பார்த்ததும், "அண்ணே, பூ கட்டறதுக்குன்னே வெச்ச மாதிரி கீது" என்று ரோஜாவைச் சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டான். மாப்பிள்ளை பெண்ணைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைவிட இறக்கையைப் பக்கத்தில் வைத்து எடுத்ததுதான் அதிகம். எல்லாம் உன் புண்ணியம்.

இப்போது ஒரு வம்பு. டிக்கியைத் தூக்கி நிறுத்தினால் நிற்க மாட்டேன் என்கிறது. முதலில் இரண்டு நாள் நின்றது. பிறகு மெதுவாக இறங்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தவாசிக் கடைக்குச் சேலைக் கட்டு எடுத்துப் போக டிக்கிக்குள் குனிந்தார். மூடி தடால் என்று பிடரியில் விழுந்தது. "பேஜார் புடிச்ச வண்டி! இந்த ஸ்பிரிங்கு செத்துப்போச்சிடா, தூக்கிப் போடு அத்த!" என்று தெருவே கேட்கத் திட்டினார். கழுத்தில் வீக்கம், ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

எடை கேட்டாயே, பட்டுத் தராசு தாங்கவில்லை. அரிசிக் கடையில் வைத்து நிறுத்தேன். ஏழு கிலோ. மூடியைத் தாங்குகிற ஸ்பிரிங்கை என்ன செய்வது?

அண்ணி மறுபடியும் கேட்கிறார்கள். சாப்பிடுகிறாயா?

சித்தப்பா


விடுதி,
20.9.2024

அன்புள்ள சித்தப்பா,

வணக்கம். அப்பாவின் கழுத்து எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? மூடிக்கு அடியில் இனி யாரும் தனியாகக் குனிய வேண்டாம். ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் சாகவில்லை. அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கம்பெனியில் அந்த மூடியின் எடைக்கென்றே கணக்குப் பண்ணிச் செய்தது அது. அந்த எடையை எத்தனை ஆயிரம் தடவை வேண்டுமானாலும் தூக்கும். அதற்கு மேல் ஏழு கிலோவை வைத்தது நாம்தான். முதலில் தூக்கத்தான் பார்க்கும். நிற்கிற மாதிரியும் நிற்கும். பார்க்கிறவர்கள் சரி, தாங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு மெல்ல இறங்கும். திட்டினாலும் தட்டினாலும் எண்ணெய் விட்டாலும் திரும்பத் தூக்காது. போன வாரம் நின்றதே, இப்போது என்ன வந்தது என்று அதைக் கேட்பது நியாயமே இல்லை. பக்கத்து வண்டி ஸ்பிரிங் தூக்குகிறதே என்பதும் நியாயமில்லை. அது வேறு எடைக்குச் செய்தது. இதன்மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒன்று, பாரத்தை எடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாரத்துக்கென்று செய்த வேறு ஸ்பிரிங்கைப் போட வேண்டும். இந்த ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்லக் கூடாது.

நீளமாக எழுதிவிட்டேன். உயிரியல் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

என் அறையில் இருந்த வெம்பாக்கத்துக் கலைமகள் ஊருக்குப் போய்விட்டாள். அவள் கட்டில் காலியாக இருக்கிறது.

சேத்துப்பட்டுக் கல்யாணத்தில் இறக்கையின் படம் எடுத்திருந்தால் கடிதத்தோடு ஒன்று வையுங்கள். எந்தக் கோணமானாலும் பரவாயில்லை.

சுபலட்சுமி


ஆரணி,
4.10.2024

சுபா கண்ணுக்கு,

ஆசிகள். அண்ணன் கழுத்து சரியாகிவிட்டது. இப்போது டிக்கியில் மூங்கில் கழி ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது. வேலூரில் பெரிய ஸ்பிரிங் சொல்லிவைத்திருக்கிறேன், தீபாவளிக்குள் வந்துவிடும்.

உன் போன கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டேன். அதனால்தான் பதில் தாமதம்.

அண்ணன் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருந்தார். குப்புராஜ் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, டாக்டர் சி. சுபலட்சுமி. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. "சீட்டு வர்றதுக்கு முன்னாலயே பலகையா?" என்றார்கள் அண்ணி. "வரும்" என்றார் அண்ணன். முன்னறையில் சாய்த்து வைத்திருக்கிறார்.

தீபாவளிக்கு உன்னைக் கூட்டிவர இறக்கை வைத்த வண்டியில் நானே வருகிறேன். எந்தத் தேதி விடுவார்கள் என்று எழுது. படம் இத்துடன் வைத்திருக்கிறேன். ரோஜா மறைத்தது போக மீதி தெரிகிறது, பார்.

அண்ணியின் கேள்வி அதேதான். இந்த முறை நானும் சேர்ந்து கேட்கிறேன்.

சித்தப்பா


விடுதி,
21.10.2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நலம். அனைவரின் நலம் அறிய ஆவல்.

தீபாவளிக்கு வரவில்லை. அம்மாவிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லவும். நன்றாகப் படிக்கிறேன்.

சுபலட்சுமி

(கீழே சிவப்பு மையில், வேறு கையெழுத்தில்:) மாணவியின் வாராந்திரத் தேர்வு மதிப்பெண் தொடர்ந்து குறைகிறது. எனவே தீபாவளி விடுமுறை இல்லை. படிப்புக்குத் தொடர்பில்லாத கார் விஷயங்களை வீட்டார் எழுதுவதே இதற்குக் காரணம். அத்தகைய கடிதங்களும் புகைப்படங்களும் இனி மாணவியிடம் தரப்படமாட்டா. — வார்டன்


வீட்டில்,
29.10.2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

ஜெயக்குமார் வணக்கம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று நினைப்பீர்கள். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். உங்கள் முன்னால் நின்று மறுத்துப் பேச இதுவரை எனக்கு நாக்கு எழுந்ததில்லை. இப்போதும் எழவில்லை. அதனால் இதை நீங்கள் கணக்கு எழுதுகிற மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

சுபாவின் கடிதங்களை நீங்களும் எடுத்துப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் மடித்து வைத்த மடிப்பு மாறியிருக்கிறது. அதனால் உங்களிடமே கேட்கிறேன். தறியில் நாம் பார்ப்பது சேலையின் முதுகு. அதைப் பார்த்தே முகத்தில் எந்த இடத்தில் ஜரிகை தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற கண் உங்களுக்கு. பிள்ளையின் கடிதத்தை மட்டும் ஏன் நாம் முகத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம்? அண்ணி ஒவ்வொரு முறையும் சாப்பாடு பற்றிக் கேட்கிறார்கள். ஒருமுறைகூடப் பதில் வரவில்லை. 'நலம்' என்று ஒரு சொல். ஆனால் ஒரு ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு பக்கம். அதைக் குற்றம் சொல்லாதீர்கள், கோபப்படாதீர்கள் என்று கெஞ்சல். ஸ்பிரிங்குக்காக யாராவது கெஞ்சுவார்களா அண்ணா?

நேற்று வெம்பாக்கத்துக்குச் சவாரி போனேன். அவள் அறையில் இருந்த கலைமகள் வீட்டை விசாரித்துப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் அங்கே சோறு இறங்காமல் காய்ச்சலில் விழுந்து, அவள் அப்பா போய்க் கூட்டிவந்திருக்கிறார். சுபா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "சுபா அக்காவும் சாப்டறதில்ல. டெஸ்ட் பேப்பர அப்படியே திருப்பி வெச்சி, பின்னால காரு படம் வரைஞ்சிகினு உக்காந்திருக்கும்." என்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வண்டியில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

அவளுக்கு டாக்டர் படிப்பு வேண்டாம் அண்ணா. வண்டிப் படிப்பு வேண்டும். போன வருஷம் சாப்பிடும்போது ஒருமுறை கேட்டாள். "ஆயில் கையோட நிக்கறதுக்கா பொம்பளப் புள்ளய படிக்க வெச்சேன்?" என்றீர்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. முன்னறைக்கு டைல்ஸ் போட்டதைக் கேள்விப்பட்ட பிறகு கேட்கவே மாட்டாள். டைல்ஸில் துருக்கறை விழக் கூடாது என்று அங்கிருந்து எனக்கு எழுதுகிற பெண் அவள்.

இறக்கையை மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. அவளுக்கு எழுத ஏதாவது இருக்கட்டும் என்றுதான் வீட்டில் வைத்துச் செய்தேன். இப்போது அதையும் நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த தேர்வு வரைக்கும் அவள் தாங்க மாட்டாள்.

முடிவு உங்களுடையது. வண்டியில் பெட்ரோல் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
ஜெயக்குமார்


ஆரணி,
1.11.2024, அமாவாசை

மகள் சுபலட்சுமிக்கு,

அப்பா சிவப்பிரகாசம் ஆசீர்வாதம். உன் அம்மாவும் சித்தப்பனும் க்ஷேமம். நீ க்ஷேமமா என்று இதுவரை உன் அம்மாதான் கேட்டாள். இப்போது நான் கேட்கிறேன்.

உன் சித்தப்பன் எனக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. தபால் தலை ஒட்டாமல் வந்தது. அதைப் பற்றி நானும் அவனும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. நேற்று தீபாவளி. உன் அம்மா பலகாரத்தில் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

இன்று தறிக்கு லீவு. டிக்கியைத் திறந்து, கழியை எடுத்துவிட்டு, மூடியைக் கையில் பிடித்துப் பார்த்தேன். கையை எடுத்தால் இறங்குகிறது. பிடரியில் அடிபட்ட அன்று அந்த ஸ்பிரிங்கைச் செத்துப்போனது என்று திட்டினேன். நீ அதைப் பற்றி எழுதியிருந்ததை மறுபடி எடுத்துப் படித்தேன். முன்பு படித்தபோது எனக்கு அது ஸ்பிரிங்காகத்தான் தெரிந்தது. பாரத்தை ஏற்றியது நான். அதைத் தூக்கவில்லையே என்று மாதம் ஒருமுறை கிடைக்கிற ஐந்து நிமிடத்திலும் போனில் மார்க் கேட்டதும் நான்.

டாக்டர் படிப்பு போதும். அடுத்த வருஷம் வண்டிப் படிப்புக்கு விண்ணப்பம் போடு. எந்த ஊர் என்று நீயே பார்த்துச் சொல். குப்புராஜ் எழுதிய பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். மறுபக்கம் எழுத்து இல்லை. உனக்கு வேண்டியதை நீ எழுதிக்கொள்ளலாம். முன்னறையில் எண்ணெய் சிந்தினால் சிந்தட்டும். டைல்ஸ் துடைத்தால் போகும் என்று கடைக்காரன் சொல்லித்தான் கொடுத்தான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளை விடியற்காலை புறப்பட்டு நானே கொண்டுவருகிறேன். உன் சித்தப்பன் வண்டி ஓட்டுகிறான். இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுத்தில் கொடுக்கிறேன். வழக்கப்படி வார்டன் அம்மா முதலில் படிக்கட்டும். கார் விஷயம் என்று நிறுத்திவைத்தால், உள்ளே வந்து நானே உனக்குப் படித்துக் காட்டுகிறேன். நீ படித்ததும் துணிமணிகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வெளியே வா. கொம்பு வைத்த வண்டி, தேட வேண்டியதில்லை. உன் அம்மா சோறு கட்டிக்கொடுக்கிறாள். முதலில் சாப்பிடு.

வேலூரிலிருந்து புது ஸ்பிரிங் வந்துவிட்டது. முன்னறையில் பொட்டலம் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். உன் சித்தப்பன் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ வந்து மாட்டு. அதுவரைக்கும் மூடியை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ பெட்டியை வை.

அப்பா,
சிவப்பிரகாசம்